புத்தகங் கட்டிய விஞ்ஞானி

பள்ளியில் அமர்ந்து ஏட்டினைப் பயில்வது ஒருவகைக் கல்வி. பட்டறையில் நின்று, வல்லான் ஒருவன் செய்வதைக் கண்டு, தானும் செய்து பழகுவது மற்றொரு வகைக் கல்வி. தச்சரும் கொல்லரும் சிற்பியரும் நெய்வோரும் தொன்றுதொட்டு இவ்விரண்டாம் வகைக் கல்வியினாலேயே தம் தொழிலைக் காத்து வந்துள்ளனர். இங்ஙனம் ஓர் ஆசானிடம் வேலை செய்துகொண்டே தொழில் கற்பவரைத் தொழிற்பழகுநர் என்பர். இக்கல்வி வயிற்றுக்குச் சோறிடும். அறிவை வளர்க்குமோ என்று ஐயுறுவார் உளர். அவ்வையத்தைத் தம் வாழ்க்கையினாலேயே போக்கியவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி. இன்று நம் இல்லங்களில் விளக்கேற்றவும், ஆலைகளில் பொறிகளைச் சுழற்றவும் பயன்படும் மின்னாற்றலில் பெரும்பகுதி அவர் கண்ட வழியினாலேயே பெறப்படுகின்றது. அத்தகைய பேரறிஞர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணாக்கராக இருந்தவரல்லர். அவர் முறையாகக் கற்ற தொழில் புத்தகங் கட்டுவதே ஆகும்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இலண்டன் மாநகரின் தென்பால் உள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே ஒரு கொல்லர். பிழைப்பை நாடி வட இங்கிலாந்தினின்றும் தலைநகருக்கு வந்தவர். அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டமையால் உலைக்களத்தில் நாள்தோறும் உழைக்க இயலவில்லை. குடும்பத்தில் குழந்தைகள் நால்வர். 1801-ஆம் ஆண்டில் தானிய விலை மிக உயர்ந்தபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கப்பட்டது. அதனை அவன் வாரம் முழுவதும் வருமாறு பகுத்து உண்ண வேண்டியிருந்தது. எழுதவும் படிக்கவும் ஓரளவு கணக்கிடவும் கற்றதோடு அவனது பள்ளிப் படிப்பு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில், 1804-ஆம் ஆண்டில், மைக்கேல் வேலைக்குச் சென்றான். பிளாண்ட்போர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் புத்தகக் கடையும் புத்தகங் கட்டும் பட்டறையும் நடத்தி வந்தார். அக்காலத்தில் செய்தித்தாளின் விலை மிகுதி. ஆதலால் பலர் அதனை வாடகைக்குப் பெற்றுப் படிப்பர். அத்தாள்களை வீடுதோறும் கொண்டு கொடுப்பதும், படித்து முடித்தபின் திரும்பப் பெற்று அடுத்த வீட்டிற்குச் சேர்ப்பதும் மைக்கேலின் பணி. ஓராண்டு இப்பணியைச் சோர்வின்றிச் செய்தான். சிறுவனின் நேர்மையும் சுறுசுறுப்பும் ரீபோவின் உள்ளத்தைக் கவர்ந்தன.

இங்கிலாந்தில் அந்நாளில் தொழில் கற்பதற்கு ஒரு முறை இருந்தது. ஒருவன் ஆசானிடம் ஏழாண்டுகள் பழகிய பின்னரே கைத்தொழில் ஒன்றைத் தனியே செய்யலாம் என்று 1563-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தனர். அச்சட்டத்தின் இப்பகுதி 1814-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. ஆசானும் மாணாக்கனின் பெற்றோரும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்வர். தொழிலின் நுட்பங்களை மறைக்காது கற்பித்தலும், உணவும் உறையுளும் அளித்தலும் ஆசானின் கடமை. சொன்ன பணியைச் செய்தலும், ஆசானின் பொருளைக் காத்தலும், சூதும் மதுக்கடையும் நாடாதிருத்தலும் மாணாக்கனின் கடமை. பயிற்சிக்காலத்தில் கூலியை எதிர்பார்த்தற்கில்லை. மாறாக, மாணாக்கனைச் சேர்ப்போர் ஆசானுக்கு ஒரு தொகை செலுத்துவதே வழக்கம். கொல்லர் ஜேம்ஸ் பாரடே அத்தொகைக்கு எங்கே போவார்! 1805-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் எழுதப்பட்ட உடன்படிக்கையில், மைக்கேல் முன்னரே உண்மையாக உழைத்தமை கருதிக் கட்டணம் ஏதும் பெறவில்லை என்று ரீபோ எழுதச் செய்தார். ஏழைச் சிறுவனின் ஓராண்டு உழைப்பே அவன் கல்விக்குச் செலுத்திய கட்டணமாயிற்று.

புத்தகங் கட்டுதல் எளிய தொழிலன்று. அச்சிட்ட பெருந்தாள்களைப் பக்கம் பிறழாது மடிக்க வேண்டும். மடித்தவற்றை வரிசைப்படுத்தி அடுக்க வேண்டும். அடுக்குகளை ஊசியும் நூலும் கொண்டு இழுக்கயிற்றோடு சேர்த்துத் தைக்க வேண்டும். முதுகுப்புறத்தில் பசையிட்டுச் சுத்தியலால் தட்டி வளைக்க வேண்டும். ஓரங்களைச் சீவி, அட்டை பொருத்தித் தோல் போர்த்திப் பொன்னெழுத்துப் பொறிக்க வேண்டும். ஒரு மடிப்புக் கோணினாலும் நூல் முழுவதும் கோணும். பொறுமையும் தூய்மையும் வரிசை பிறழாமையும் இத்தொழிலுக்கு இன்றியமையாதன. இவற்றை மைக்கேல் ஏழாண்டுகள் தன் விரல்களுக்குப் பழக்கினான். அவ்விரல்கள் பிற்காலத்தில் எத்தகைய பணிக்குப் பயன்படும் என்பதை அன்று அவனும் அறியான். அவன் ஆசானும் அறியார்.

கட்ட வந்த புத்தகங்களை மைக்கேல் கட்டியதோடு நின்றானல்லன்; ஓய்வு நேரத்தில் படிக்கவும் தலைப்பட்டான். கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றில் இருந்த மின்சாரம் பற்றிய கட்டுரை அவன் சிந்தையைத் தூண்டியது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் அவன் கையிற் கிடைத்தது. நூலிற் கண்டதை அவ்வாறே நம்பிவிடுதல் அவன் இயல்பன்று. சில காசுகளைச் சேர்த்து எளிய பொருள்களை வாங்கி, அந்நூல்களிற் கூறிய சோதனைகளைத் தானே செய்து பார்த்தான். கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொண்டு உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் சிறு பொறியையும் அமைத்தான். சோதித்து உண்மை எனக் கண்ட பின்னரே ஒன்றை ஏற்கும் வழக்கம் அப்பட்டறையிலேயே வேரூன்றியது. பிற்காலத்தில் பாரடே புகழுற்றபோது, தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பி வந்தார்.

வேலை நேரத்தில் ஏன் படிக்கின்றாய், எரிவாயுவும் அமிலமும் உனக்கு எதற்கு என்று கடிந்துரைக்கும் ஆசானாக ரீபோ இருந்திருந்தால் இவ்வரலாறே வேறாகியிருக்கும். ரீபோ அவ்வாறு தடுக்கவில்லை. 1810-ஆம் ஆண்டில், டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஒரு சொற்பொழிவைக் கேட்கக் கட்டணம் ஒரு ஷில்லிங். மைக்கேலின் தமையன் இராபர்ட்டு தந்தையைப்போலவே கொல்லுத்தொழில் செய்பவன். அவன் அக்காசை ஈந்தான். ஆசானோ மாலையில் வெளிச்செல்ல விடை தந்தார். ரீபோவின் வீட்டில் குடியிருந்த மாஸ்கெரியே என்னும் பிரெஞ்சு ஓவியர் மைக்கேலுக்குப் பொருள்களின் தோற்றத்தை அளவு தவறாமல் வரையக் கற்பித்தார். கேட்ட சொற்பொழிவுகளையெல்லாம் மைக்கேல் தெளிவாக எழுதினான். கருவிகளின் படங்களை வரைந்தான். பின்னர்த் தான் கற்ற தொழிலின் திறத்தால் அவற்றை நான்கு தொகுதிகளாகக் கட்டினான். அந்நூலைத் தன் ஆசான் ரீபோவுக்கே உரிமையாக்கினான். இக்காலத்திலேயே, 1810-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அவன் தந்தை காலமானார்.

தம் மாணாக்கனின் கைத்திறனிலும் கருத்துத்திறனிலும் பெருமை கொண்ட ரீபோ அத்தொகுதிகளைக் கடைக்கு வருவோரிடம் காட்டி மகிழ்வார். இவ்வாறு மைக்கேலைப் பற்றி அறிந்தோருள் ஒருவர் வில்லியம் டான்சு. அவர் இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தின் உறுப்பினர். அந்நிறுவனத்தில் சர் ஹம்பிரி டேவி என்னும் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் 1812-ஆம் ஆண்டில் நிகழ்த்திய இறுதிச் சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்பதற்கு அவர் நுழைவுச்சீட்டுகள் வழங்கினார். மேல்மாடத்தில், கடிகாரத்திற்கு மேற்புறத்தே ஓரிருக்கையில் அமர்ந்து மைக்கேல் அவற்றைக் கேட்டான். கேட்டவற்றை விரிவாக எழுதிப் படங்களுடன் முன்னூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நூலாகக் கட்டினான்.

1812-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள் ஏழாண்டுப் பயிற்சி நிறைவுற்றது. பாரடே இப்பொழுது தகுதி பெற்ற தொழிலாளி. மறுநாளே டி லா ரோஷ் என்பவரிடம் கூலிக்கு வேலை ஏற்றார். அவரோ கடுஞ்சினம் உடையவர். ரீபோவின் பட்டறையில் கிடைத்த ஓய்வும் உரிமையும் இங்கே கிடைக்கவில்லை. ஆயினும் அவர் பாரடேயின் தொழில் திறனை நன்கறிந்திருந்தார். தமக்கு மக்கட்பேறு இன்மையால், தம்மோடு தங்கிவிட்டால் தம் கடையையும் பொருளையும் பிற்காலத்தில் பாரடேக்கே தருவதாகக் கூறினார். வறுமையிற் பிறந்த இருபத்தோரு வயது இளைஞர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கற்ற தொழிலைச் செய்து கடைக்கு உரியவராகி நல்வாழ்வு வாழ்தல். மற்றொன்று, கூலி இன்னதென்றும் நிலை இன்னதென்றும் தெரியாத விஞ்ஞானத்தை நாடிச் செல்லுதல். தாயும் தங்கையும் தம் உதவியை எதிர்நோக்கியிருந்த நிலையில் இஃது எளிதிற் செய்யத்தக்க தெரிவன்று.

பாரடே உறுதிகொண்டார். முன்னரே இராயல் சொசைட்டியின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வரவில்லை. மனந்தளராது 1812-ஆம் ஆண்டு டிசம்பரில் டேவிக்கு எழுதினார். தம்மிடம் பட்டமோ பெரியோரின் பரிந்துரையோ இல்லை; ஆதலால் தாம் கட்டிய குறிப்பு நூலையே கடிதத்துடன் அனுப்பினார். அந்நூல் கேட்டதைப் பிழையறக் கொள்ளும் செவிக்கும், முறைப்படத் தொகுக்கும் அறிவுக்கும், செம்மையுறச் செய்யும் கைக்கும் ஒருங்கே சான்றாயிற்று. டேவி அன்புடன் மறுமொழி விடுத்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவரை நேரிற் கண்டார். ஆயினும் அப்பொழுது இடம் ஏதும் இல்லை. விஞ்ஞானத்தை நம்பிக் கற்ற தொழிலைக் கைவிட வேண்டா என்றும், நிறுவனத்தின் புத்தகங்களைக் கட்டும் வேலையை அவருக்குத் தரச் செய்வதாகவும் டேவி அறிவுரை கூறி அனுப்பினார்.

சில வாரங்கள் கழிந்தன. ஓரிரவு பாரடேயின் எளிய இல்லத்தின் முன் ஒரு வண்டி வந்து நின்றது. டேவியின் பணியாள் இறங்கி ஒரு கடிதத்தைக் கொடுத்தான். இராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வுக்கூட உதவியாள் சண்டையிட்டமையால் வேலையினின்றும் நீக்கப்பட்டிருந்தான். அவ்விடம் இப்பொழுது ஒழிந்திருந்தது. 1813-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் பாரடே அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியம். மேன்மாடியில் இரண்டு அறைகள். குளிர்காய நிலக்கரியும் இரவில் ஏற்ற மெழுகுவத்தியும் உண்டு. சொற்பொழிவாளருக்கு உதவுதலும், கருவிகளை எடுத்துச் சென்று மீட்டு வைத்தலும், அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்தலும் அவர் கடமைகள். பதவி சிறிது, பணியோ பெரும்பாலும் ஏவலாளனுடையது. எனினும் பாரடேக்கு இஃது இரண்டாம் பயிற்சிக்காலத்தின் தொடக்கமாயிற்று. முதற் பயிற்சியில் கூலியின்றித் தொழில் கற்றார். இரண்டாவதில் கூலியும் பெற்று அறிவும் பெற்றார்.

கற்கும் வாய்ப்பு ஆபத்தோடு கலந்தே வந்தது. அவ்வாண்டிலேயே டேவியும் பாரடேயும் எளிதில் வெடிக்கும் நைட்ரஜன் குளோரைடு என்னும் பொருளை ஆராய்ந்தனர். குழாய்கள் வெடித்து இருவரும் காயமுற்றனர். கண்ணாடி முகமூடி அணிந்திருந்தமையால் பேரிடர் நேரவில்லை. அக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது பாரடேயையும் உடன் அழைத்துச் சென்றார். பாரிசில் ஆம்பியரையும் இத்தாலியில் வோல்ட்டாவையும் பாரடே கண்டார். பிளாரன்சு நகரில் பெரிய குவிவில்லையால் ஞாயிற்றின் கதிர்களைக் குவித்து வைரத்தை எரித்து, அது கரியே என்று டேவி நிறுவியபோது உடனிருந்து உதவினார். ஆனால் அப்பயணத்தில் அவர் டேவியின் குற்றேவல்களையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அவமதிப்பைப் பாரடே உணராமலில்லை. திரும்பிவிடலாமா என்றும் எண்ணினார். எனினும் பேரறிஞர் ஒருவரின் அருகிலிருந்து நாள்தோறும் கற்கும் பேற்றினை இழக்க அவர் மனம் ஒருப்படவில்லை. ஒன்றரை ஆண்டு நீடித்த அப்பயணமே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

1815-ஆம் ஆண்டில் இலண்டன் திரும்பிய பாரடே, வாரத்திற்கு 30 ஷில்லிங் ஊதியத்தில் மீண்டும் அமர்த்தப்பட்டார். சுரங்கத் தொழிலாளரின் உயிர் காக்கும் விளக்கினை டேவி அமைத்தபோது அவருக்குத் துணை நின்றார். 1816-ஆம் ஆண்டில், தஸ்கனி நாட்டுச் சுண்ணாம்பு வகை ஒன்றைப் பற்றிய அவரது முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. இளந்தொழிலாளர் தாமே கூடிக் கற்கும் சங்கம் ஒன்றில் சொற்பொழிவு செய்தும் பழகினார். தம் பேச்சிலுள்ள குறைகளைப் போக்கத் தம் சிறிய ஊதியத்தினின்றும் பணம் செலுத்திச் சொல்வன்மை கற்றார். தமக்குத் தெரியாதது இன்னது என்று அறிந்து அதனைத் தேடிக் கற்பதில் அவர் ஒருபோதும் நாணியதில்லை.

1821-ஆம் ஆண்டில், மின்னோட்டம் செல்லும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு பாரடே செய்து காட்டினார். மின்சாரத்தால் இயங்கும் பொறிகளுக்கெல்லாம் இதுவே மூலம். ஆனால் வேறோர் அறிஞரின் கருத்தை அவர் தமதாக்கிக் கொண்டார் என்னும் பழிச்சொல்லும் உடனெழுந்தது. 1824-ஆம் ஆண்டில் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அச்சங்கத்தின் தலைவராக இருந்த டேவியே அதனை எதிர்த்தார். கைதூக்கிவிட்ட ஆசானே மாணாக்கன் தமக்கு ஒப்பாக உயர்வதைப் பொறாதவரானார்! பாரடேயின் உள்ளம் வருந்தியிருக்கும். எனினும் டேவியைப் பழித்துரைக்க அவர் ஒருப்படவில்லை. தாம் பெற்ற நன்மையையே நினைந்து, இறுதிவரை ஆசானை மதித்துப் போற்றினார். டேவி செய்த கண்டுபிடிப்புகளுள் தலைசிறந்தது பாரடேயே என்று பிற்காலத்தார் கூறலாயினர்.

1825-ஆம் ஆண்டில் பாரடே தாம் குப்பி கழுவிய அதே ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் உலகின் போக்கையே மாற்றிய சோதனையைச் செய்தார். ஆறங்குல விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றை எடுத்து, அதன் இருபுறத்தும் செப்புக் கம்பிகளைத் தனித்தனியே சுற்றினார். சுற்றுக்குச் சுற்று, அடுக்குக்கு அடுக்குக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாதவாறு நூற்கயிறும் பருத்தித் துணியும் இடையிட்டார். அத்துணி நம் மேலைக் கடற்கரையிலுள்ள கள்ளிக்கோட்டையின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்குவது. நூலும் துணியும் கொண்டு அடுக்கடுக்காகப் பிழையின்றி அமைக்கும் இவ்வேலை, ரீபோவின் பட்டறையிற் பழகிய கைகளுக்குப் புதிதன்று. ஒருபுறக் கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும், மறுபுறக் கம்பியோடு இணைந்த காந்த ஊசி அசைந்தது. தொடாத கம்பியில் மின்சாரம் தோன்றியது. இன்று தெருமுனைதோறும் நிற்கும் மின்மாற்றிகளின் மூதாதை அவ்வளையமே. அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் நாள், காந்தத்தின் முனைகளிடையே செப்புத் தட்டைச் சுழற்றி இடையறாத மின்னோட்டத்தையும் பெற்றார். மேட்டூரிலும் பிற அணைகளிலும் நீரின் விசையால் மின்சாரம் பிறப்பது இந்நெறியினாலேயே.

பள்ளிப் படிப்பின் குறைவு பாரடேயை ஒரு துறையில் என்றும் வருத்தியது. உயர்கணிதம் அவருக்கு வாராது. தாம் கண்ட உண்மைகளைப் படங்களாகவும் சொற்களாகவுமே அவர் விளக்கினார். அவற்றைக் கணிதச் சமன்பாடுகளாக வடித்தவர் பின்வந்த மாக்ஸ்வெல் என்னும் அறிஞர். கைப்பயிற்சி ஒன்றே போதும், ஏட்டுக் கல்வி வேண்டா என்பது பாரடேயின் வாழ்க்கை கற்பிக்கும் பாடமன்று. இரண்டும் ஒன்றையொன்று நிறைவாக்குவன என்பதே அதன் பொருள். பாரடேயும் இதனை நன்குணர்ந்திருந்தார். 1862-ஆம் ஆண்டில், பள்ளிகளைப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் முன் சான்று கூறியபோது, விஞ்ஞானத்திற்குப் பள்ளிக் கல்வியில் இடமளிக்க வேண்டுமென்று வற்புறுத்தினார்.

1832-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. சர் பட்டத்தையும் இராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் அவர் ஏற்க மறுத்தார். கிறித்துமசு விடுமுறையில் சிறுவர்க்கென நிகழ்ந்த சொற்பொழிவு வரிசைகளுள் 19 வரிசைகளை அவரே நிகழ்த்தினார். அவற்றுள் ஒன்று மெழுகுவத்தியின் இரசாயன வரலாறு என்னும் நூலாக 1861-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றளவும் படிக்கப்படுகின்றது. தெருவிற் செய்தித்தாள் சுமந்து செல்லும் சிறுவரைக் காணும்போதெல்லாம், தாமும் முன்னர் அப்பணி செய்ததை நினைந்து அவர்பால் பரிவு கொள்வார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். மின்தேக்கிகளின் அளவைக்கு வழங்கும் பாரட் என்னும் அலகு அவர் பெயரை நிலைநிறுத்துகின்றது.

நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டில் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. ஆலையில் பயில்வோர்க்கு மாதந்தோறும் உதவித்தொகையும், முறையான பயிற்சியும், தேர்வில் வென்றபின் சான்றிதழும் கிடைக்க அது வழிசெய்தது. அன்று ஒரு நல்லாசானின் அருளால் பாரடே பெற்றதை இன்று சட்டமே உரிமையாக்கியுள்ளது. ஆயினும் சட்டம் தரவியலாதன சில உள. பயில்வோனின் ஆர்வத்தை அடக்காது வளர்க்கும் ஆசானின் பெருந்தன்மை ஒன்று. ஏவிய வேலையைச் செவ்வனே முடித்து, அதற்கு மேலும் அறிய முயலும் மாணாக்கனின் வேட்கை மற்றொன்று. இவ்விரண்டும் கூடிய இடத்தில் பட்டறையும் பள்ளியாகும். கூலிக்குச் செய்யும் வேலையும் கல்வியாகும். எத்தொழிலையும் இழிவெனக் கருதாது, கையாற் செய்வதைக் கருத்தோடு செய்து, அறிவைப் பெருக்கி உயர்தல் நம் கடமையாகும்.